இரண்டு நாளில் வீடு திரும்பியவர்கள்

வியட்நாம் போரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நான் வந்து நிற்கிற இடம் ஒன்று உண்டு: வீடு திரும்பும் பயணம்.

இரண்டாம் உலகப்போர் முடிந்து அமெரிக்கச் சிப்பாய்கள் பெரும்பாலும் கப்பலில் திரும்பினார்கள். நாள்கணக்கில் கடல், பக்கத்தில் தன்னை மாதிரியே போரைப் பார்த்தவர்கள். பேச நேரம் இருந்தது. வியட்நாமில் ஒவ்வொருத்தனுக்கும் தனிக்கணக்கு, பொதுவாக 12 மாசம். கெடு முடிந்ததும் தனியாக விமானம் ஏறினான். காட்டில் இருந்தவன் இரண்டொரு நாளில் அம்மா வீட்டில். உடம்பு வந்துடுச்சு, மனசு வரலை.

தூக்கமில்லை, சின்னச் சத்தத்துக்கும் பதறுகிறான், யாரோடும் ஒட்ட முடியவில்லை. டாக்டரிடம் போனால் இதற்கெனத் தனிப் பெயரே இல்லை. போர் அதிர்ச்சியையும் உள்ளடக்கி 1952 கையேட்டில் இருந்த பிரிவை, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1968 பதிப்பில் நீக்கிவிட்டிருந்தது. போர் உச்சத்தில் இருந்த வருஷம் அது!

1970 கடைசியில் நியூயார்க்கில், போரை எதிர்த்த முன்னாள் வீரர்கள் சிலர் தாங்களே கூடிப் பேச ஆரம்பித்தார்கள். ராபர்ட் ஜே லிஃப்டன், ஹைம் ஷாட்டன் என்ற மனநல மருத்துவர்களும் சேர்ந்துகொண்டார்கள், டாக்டர் தோரணையில் அல்ல, சமமாக உட்கார்ந்து. அந்த முயற்சிகளும் சேர்ந்துதான் 1980இல் பி.டி.எஸ்.டி. என்ற பெயரைக் கையேட்டில் ஏற்றின.

அதற்கு முந்தின வருஷம் 'வெட் சென்டர்'களுக்குச் சட்டம் வந்தது. ஆஸ்பத்திரிக்கு வெளியே, சாதாரணக் கடைத்தெருவில் இடம். பேச உட்காருகிறவரும் பலசமயம் வியட்நாம் பார்த்தவர். அப்போது முன்னாள் வீரர் துறைக்குத் தலைவர் மேக்ஸ் கிளீலண்ட். 1968இல் கே சான் அருகே கையெறி குண்டு வெடித்து இரண்டு காலையும் வலது கையையும் இழந்தவர்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். 2002இல் செனட் தேர்தலில் தோற்றார் கிளீலண்ட். அடுத்து இராக் போர். பழைய காயம் திறந்துகொண்டது, ஆழ்ந்த மனச்சோர்வு. 1968இல் உடம்புக்கு வைத்தியம் பார்த்த அதே வால்டர் ரீட் மருத்துவமனைக்குப் பல வருஷம் கழித்து மனசுக்காகப் போனார். அதை மறைக்காமல் புத்தகத்திலும் எழுதினார்.

2007இல் தற்கொலைத் தடுப்புக்கென்றே தனித் தொலைபேசிச் சேவை வந்தது. எடுப்பவர்களில் முன்னாள் வீரர்களும் உண்டு. தேவைதான். ஆனால் கிளீலண்ட் வாழ்க்கை எனக்குச் சொல்வது இன்னொன்று: வீடு திரும்புவதற்குக் கெடு கிடையாது. முப்பது, நாற்பது வருஷம் கழித்துக் கதவைத் தட்டுகிறவனிடம் "இன்னுமா?" என்று கேட்டுவிடக் கூடாது.