குவாட்ரபோனிக் இசைத்தொகுப்புகளும் மறுவெளியீட்டுக்கான காத்திருப்பும்

குவாட்ரபோனிக் என்பது இசையை நான்கு தனித்தனி ஒலித்தடங்களாகக் கலந்து, கேட்பவருக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என அறையின் நான்கு மூலைகளிலும் வைத்த ஒலிபெருக்கிகள் வழியே கேட்கச் செய்யும் முறை ஆகும். 1969இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த இம்முறை 1970களின் இறுதிக்குள் ஏறக்குறைய வழக்கொழிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ராக், ஜாஸ், மேற்கத்திய செவ்வியல் இசை என நூற்றுக்கணக்கான தொகுப்புகள் நான்கு தடங்களில் வெளிவந்தன. அவற்றை இன்றைய சரவுண்ட் கருவிகளில் கேட்கும் வகையில் மறுபடி வெளியிட மாட்டார்களா என்று எதிர்பார்க்கும் சேகரிப்பாளர்கள் அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் முதலிய நாடுகளில் இன்றும் உள்ளனர்.

பழைய பொருள் மீது கொண்ட பாசம் என்று இதை எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் இவர்கள் கேட்பது, தாம் ஒரு காலத்தில் கேட்டு மகிழ்ந்ததை அல்ல. அந்நாளில் இந்தத் தொகுப்புகளை விலை கொடுத்து வாங்கியவர்களில் பெரும்பாலோர் அவற்றைச் சரியாகக் கேட்டதே இல்லை. ஒலிக்கூடத்தில் நான்கு தடங்களும் தெளிவாகப் பதிவாயின. அவற்றை வீடு வரை கொண்டு சேர்க்க வேண்டிய இசைத்தட்டுதான் அந்த வேலையைச் செய்யத் தவறியது. எனவே மறுவெளியீடு என்று பெயர் இருந்தாலும், பல தொகுப்புகளுக்கு அதுவே உண்மையான முதல் வெளியீடு.

தொடக்கம்

நான்கு பக்க ஒலி முதலில் கவனம் பெற்றது மேடையில். 1967 மே 12 அன்று லண்டன் குயின் எலிசபெத் அரங்கில் பிங்க் ஃபிளாய்ட் குழு நிகழ்ச்சி நடத்தியபோது, ஒலியை அரங்கின் மூலைக்கு மூலை நகர்த்தும் கருவி ஒன்றைப் பயன்படுத்தியது. 'அசிமத் கோஆர்டினேட்டர்' என்று பெயர் பெற்ற அக்கருவியை அபே ரோடு ஒலிக்கூடப் பொறியாளர் பெர்னார்ட் ஸ்பைட் செய்து கொடுத்திருந்தார். கைப்பிடியை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் ஒலி போகும். நிகழ்ச்சி முடிந்ததும் அதை யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள் என்பது தனிக்கதை. குழுவினர் பின்னர் புதிதாக ஒன்று செய்துகொண்டனர்.

வீட்டுக்கு வந்தது நாடா வடிவில். 1969இல் அமெரிக்காவின் வான்கார்ட் நிறுவனம் நான்கு தட ரீல் நாடாக்களை வெளியிட்டது. 1970இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் எட்டுத்தடக் கேட்ரிட்ஜில் நான்கு தட இசையைக் கொண்டுவந்தது. நாடாவில் இது சிக்கலே இல்லை. நான்கு தடம் வேண்டுமா, நாடாவில் நான்கு கோடுகளை அருகருகே பதிந்துவிட்டால் போதும். ஆனால் ரீல் நாடாவின் விலை அதிகம். கேட்ரிட்ஜில் இரைச்சல் அதிகம். பெருவாரியான மக்கள் வாங்கியது இசைத்தட்டைத்தான். அங்கேதான் கணக்கு இடித்தது.

இரண்டு சுவர்களில் நான்கு தடங்கள்

ஸ்டீரியோ இசைத்தட்டின் வரிப்பள்ளத்துக்கு இரண்டு சுவர்கள் உண்டு. ஒன்றில் இடப்பக்க ஒலி, மற்றொன்றில் வலப்பக்க ஒலி. மூன்றாவது சுவர் கிடையாது. அப்படியானால் நான்கு தடங்களை எங்கே வைப்பது?

இதற்கு இரண்டு வழிகள் முன்வைக்கப்பட்டன. முதலாவது மேட்ரிக்ஸ் முறை. பீட்டர் ஷைபர் என்ற அமெரிக்கர் இதில் முன்னோடி. நான்கு தடங்களையும் குறிப்பிட்ட விகிதங்களிலும் கட்ட வேறுபாடுகளிலும் கலந்து இரண்டு தடங்களாக்கித் தட்டில் வெட்டுவார்கள். வீட்டில் உள்ள டிகோடர் என்னும் கருவி அவ்விரண்டிலிருந்து நான்கையும் மீட்க முயலும். சி.பி.எஸ். நிறுவனத்தின் எஸ்.கியூ., சான்சுயி நிறுவனத்தின் கியூ.எஸ். ஆகியவை இவ்வகை, இரண்டும் 1971இல் வந்தவை. பிரிட்டனின் ஈ.எம்.ஐ. நிறுவனமும் எஸ்.கியூ. முறையையே ஏற்றது.

'மீட்க முயலும்' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பள்ளியில் நான் கணக்கு நடத்திய ஆண்டுகளில், இரண்டு மாறிகளைக் கண்டுபிடிக்க இரண்டு சமன்பாடுகள் வேண்டும் என்று பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேனோ தெரியாது. இங்கே மாறிகள் நான்கு, சமன்பாடுகள் இரண்டுதான். விடை ஒன்றாக வராது. எஸ்.கியூ. முறையில் முன் இடமும் முன் வலமும் நன்றாகப் பிரிந்தன. ஆனால் சாதாரண டிகோடரில் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையே பிரிவு 3 டெசிபல் அளவே இருந்தது. அதாவது பின்னால் மட்டும் ஒலிக்க வேண்டிய கிதார் முன்னாலும் கிட்டத்தட்ட அதே அளவில் கேட்கும். எந்த மூலையில் இப்போது ஒலி வலுவாக இருக்கிறது என்று பார்த்து அதை மட்டும் உயர்த்திக் காட்டும் 'லாஜிக்' சுற்றுகள் பின்னர் வந்தன. அவை நிலைமையை ஓரளவு சீர்செய்தன என்றாலும், சிக்கலான இசையில் ஒலி மேலும் கீழும் அலைபாய்ந்தது.

இரண்டாவது வழி ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் உருவாக்கிய சி.டி.-4. (பிற்காலத்துச் சி.டி. தட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) அமெரிக்காவில் இதை ஆர்.சி.ஏ. எடுத்துக்கொண்டது. இதன் கணிதம் மாணவர்களுக்கு எளிதில் புரியும். ஒரு சுவரில் முன்தடத்தையும் பின்தடத்தையும் கூட்டி வழக்கமான ஒலியாக வெட்டுவார்கள். கழித்தால் வருவதை 30 கிலோஹெர்ட்ஸ் ஊர்தி அலையில் ஏற்றி அதே சுவரில் வெட்டுவார்கள். மனிதச் செவிக்கு எட்டாத அதிர்வெண் அது. முன்தடம் 7, பின்தடம் 3 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 10, கழித்தால் 4. தட்டில் இருப்பவை இந்த 10ம் 4ம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 7, கழித்துப் பாதியாக்கினால் 3. நான்கு மாறிகளுக்கு நான்கு சமன்பாடுகள் கிடைத்துவிட்டன. எஃப்.எம். வானொலியில் ஸ்டீரியோ ஒலிபரப்பாவதும் இதே கூட்டல் கழித்தல் உத்தியில்தான்.

கணக்கு சரிதான். ஆனால் முள்ளுக்கு அது பெருஞ்சுமையாயிற்று. 45 கிலோஹெர்ட்ஸ் வரை நுண்ணிய வளைவுகளைப் படிக்கச் சாதாரண முள்ளால் முடியாது. இதற்கென்றே ஜே.வி.சி.யைச் சேர்ந்த ஷிபாட்டா ஒரு புதுவடிவ முள்ளை உருவாக்கினார். ஷிபாட்டா முள் என்ற பெயரில் இன்றும் அது விற்பனையில் உள்ளது. பழைய கூம்பு முள்ளால் அந்தத் தட்டை ஓட்டினால் ஊர்தி அலை சிறிது சிறிதாகத் தேய்ந்து போகும். பழைய கடையில் சி.டி.-4 தட்டு வாங்கும் சேகரிப்பாளருக்கு முதல் கவலை இதுவே. முந்தைய உரிமையாளர் எந்த முள்ளை வைத்திருந்தாரோ?

வீழ்ச்சி

எஸ்.கியூ. கருவி வாங்கியவருக்குச் சி.டி.-4 தட்டு முழுப்பயன் தராது. அதற்கு இது தராது. எது நிலைக்கும் என்று கடைக்காரருக்கே தெரியாத நிலையில், நான்கு ஒலிபெருக்கிகளும் கூடுதல் பெருக்கியும் வாங்கி வரவேற்பறையில் அடைத்துக்கொள்ளப் பலர் தயங்கினர். 1970களின் நடுப்பகுதிக்குப் பின் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக ஒதுங்கின.

மேட்ரிக்ஸ் முறை மட்டும் சாகவில்லை, திரையரங்குக்கு இடம்பெயர்ந்தது. டால்பி ஸ்டீரியோ முறை, படச்சுருளின் இரண்டு ஒளித்தடங்களில் இடம், நடு, வலம், சுற்றுப்புறம் என நான்கைப் பொதித்தது. வசனத்துக்கு நடுத்தடம் இருந்ததால் அரங்கில் அது நன்றாகவே வேலை செய்தது. 1995இல் 'குருதிப்புனல்' படத்தை டால்பி வசதியுள்ள அரங்கில் பார்த்த நம்மவர்கள், அந்தக் குவாட்ரபோனிக் கணக்கின் வழித்தோன்றலைத்தான் கேட்டார்கள்.

மூலநாடாவைத் தேடி

மறுவெளியீடு எதற்காக என்பது புரிய, ஒலிக்கூட நடைமுறை தெரிய வேண்டும். பாடகர், கிதார், முரசு ஒவ்வொன்றும் முதலில் 8 அல்லது 16 தட நாடாவில் தனித்தனியே பதிவாகும். அதிலிருந்து பொறியாளர் ஸ்டீரியோ கலவை ஒன்றைத் தயாரிப்பார். நால்தடக் கலவை அதன் பிறகு தனியாகச் செய்யப்படும். பல சமயம் செய்பவர் வேறொருவர். அதனால் ஸ்டீரியோவில் இல்லாத குரல் வரி, வேறு தனிவாசிப்பு, நீண்டு ஒலிக்கும் முடிவு போன்றவை நால்தடக் கலவையில் தென்படுவதுண்டு. இவை இருக்கும் ஒரே முழுமையான சான்று, மேட்ரிக்ஸ் கலப்பு செய்வதற்கு முன் உள்ள நால்தட மூலநாடா. அதிலிருந்து எடுத்தால் மூலைக்கு மூலை ஒலி தெளிவாகப் பிரிந்து வரும்.

அந்த நாடாக்களுக்கு இப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 1970களில் பயன்பட்ட சில நாடாக்களில் காந்தத்துகளைப் பிடித்து வைக்கும் பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகிறது. அப்படியே ஓட்டினால் துகள் உரிந்து கருவியில் ஒட்டிக்கொள்ளும். அதனால் 50 பாகை செல்சியசை ஒட்டிய மிதமான சூட்டில் பல மணிநேரம் வைத்து உலர்த்தி, பின்னர் ஓட்டிப் படியெடுக்கிறார்கள். உலர்த்தியதன் பயன் நெடுநாள் நிற்காது. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டின் யுனிவர்சல் வளாகத்தில் ஏற்பட்ட தீயில் ஏராளமான மூலநாடாக்கள் அழிந்ததாக 2019இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. இழப்பு அந்த அளவுக்கு இல்லை என்று நிறுவனம் மறுத்தது. எது எப்படியாயினும், கிடங்கில் இருக்கும் நாடா என்றென்றும் இருக்கும் என்ற நம்பிக்கை அந்தச் செய்தியோடு போயிற்று.

கிடைத்தவை

1999இல் சோனியும் பிலிப்ஸும் கொண்டுவந்த எஸ்.ஏ.சி.டி. தட்டு ஆறு தடங்கள் வரை தாங்கியது. கால் நூற்றாண்டாக முடியாதது இப்போது எளிதாயிற்று. 2001இல் மைக் ஓல்ட்ஃபீல்டின் 'டியூபுலர் பெல்ஸ்' தன் பழைய நால்தடக் கலவையோடு இத்தட்டில் வந்தது.

நெதர்லாந்தின் பென்டாடோன் நிறுவனம் செய்தது இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பிலிப்ஸின் செவ்வியல் இசைப் பிரிவில் பணியாற்றியவர்கள் 2001இல் தொடங்கிய நிறுவனம் இது. பிலிப்ஸ் 1970களில் காலின் டேவிஸ், நெவில் மாரினர் போன்றோர் நடத்திய வாசிப்புகளை நான்கு தடங்களில் பதிந்து வைத்திருந்தது. இசைத்தட்டின் தரம் போதாது என்பதால் அவற்றை ஸ்டீரியோவாகவே விற்றது. பின் தடங்கள் இரண்டும் முப்பது ஆண்டுகள் யாரும் கேட்காமல் கிடந்தன. பென்டாடோன் அந்த நாடாக்களை எடுத்து எஸ்.ஏ.சி.டி.யில் வெளியிட்டபோது, வாசித்தவர்களில் சிலருக்கேகூட அது புதிதாக இருந்திருக்கும்.

பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' வேறு வழியில் வந்தது. ஆலன் பார்சன்ஸ் 1973இலேயே அதற்கு நால்தடக் கலவை செய்திருந்தார். அதில் வரும் கடிகார மணியோசைகள்கூட குவாட்ரபோனிக் விளக்கத்துக்காக அவர் முன்பே பதிந்து வைத்தவை. ஆனால் 2003இல் எஸ்.ஏ.சி.டி. வந்தபோது அதில் இருந்தது ஜேம்ஸ் கத்ரி செய்த புதிய 5.1 கலவை. பார்சன்ஸின் கலவைக்குச் சேகரிப்பாளர்கள் 2011 வரை காத்திருந்தனர். அந்த இடைவெளியில் திருட்டுப் பதிவுகள் கைமாறின. பழைய கலவையா, புதிய கலவையா என்ற வழக்கு அன்று தொடங்கி இன்றும் ஓயவில்லை. புதியது தெளிவானது, துல்லியமானது. என்றாலும் வரலாற்று ஆவணம் பழையதுதான் என்பது என் கருத்து. இரண்டையும் ஒரே பெட்டியில் தருவதே நியாயம்.

2016இல் ரைனோ நிறுவனம் சிகாகோ குழுவின் ஒன்பது தொகுப்புகளை 'குவாடியோ' என்ற பெயரில் ப்ளூ-ரே தட்டுகளாகப் பெட்டியிட்டது. 2020இல் டூபி பிரதர்ஸ் குழுவுக்கும் அதுபோல் ஒன்று வந்தது. 2023 முதல் தனித்தனித் தட்டுகளாகவும் அவ்வரிசை வருகிறது. பிரிட்டனின் டட்டன் வோகேலியன், பெரும்பாலும் இரண்டு தொகுப்புகளை ஒரே எஸ்.ஏ.சி.டி.யில் சேர்த்து, யாரும் எதிர்பாராத அளவுக்கு எண்ணிக்கையில் வெளியிட்டது. ஜப்பானில் சோனி, ஜெஃப் பெக்கின் 'ப்ளோ பை ப்ளோ', சான்டானாவின் 'லோட்டஸ்' போன்றவற்றை ஏழு அங்குல அட்டை உறையில் கொண்டுவந்தது.

ஏமாற்றமும் உண்டு. பிளாக் சப்பாத் குழுவின் 'பாரனாய்ட்' 2016இல் சிறப்புப் பதிப்பாக வந்தபோது, அதன் நால்தடக் கலவையும் இடம்பெற்றது. ஆனால் அந்த நான்கையும் இரண்டாக மடித்து ஸ்டீரியோவாகப் போட்டிருந்தார்கள்!

மறுவெளியீடு கிடைத்தவர்கள் வீட்டிலும் ஒரு சிறு சிக்கல் மிஞ்சுகிறது. இன்றைய 5.1 அமைப்பில் முன் ஒலிபெருக்கிகள் நடுக்கோட்டிலிருந்து 30 பாகையிலும், பக்க ஒலிபெருக்கிகள் 110 பாகையை ஒட்டியும் இருக்கும். குவாட்ரபோனிக் கலவையோ 45, 135 பாகை கொண்ட சதுரத்துக்காகச் செய்தது. ஆகவே ஒலிபெருக்கிகளை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். நடு ஒலிபெருக்கி அப்போது சும்மா இருக்கும்.

இன்னும் வராத தொகுப்புகள் பல. சிலவற்றுக்கு உரிமை பல கைகளில் பிரிந்து கிடக்கிறது. சிலவற்றின் நாடா அகப்படவில்லை. அத்தகையவற்றுக்குச் சேகரிப்பாளர்கள் நம்பியிருப்பது, அன்று தரம் குறைந்ததெனப் பலர் ஒதுக்கிய எட்டுத்தடக் கேட்ரிட்ஜைத்தான். இரைச்சல் இருந்தாலும் நான்கு தடங்களும் அதில் கலப்படமின்றித் தனித்தனியே இருக்கின்றன. ஆனால் உள்ளே நாடாவைத் தாங்கும் பஞ்சு காலப்போக்கில் பொடிந்துவிடும், முனைகளை இணைக்கும் உலோகப்பட்டை ஒட்டுவிட்டுவிடும். எனவே ஒரு பழைய கேட்ரிட்ஜ் கைக்கு வந்தவுடன் யாரும் அதை ஓட்டுவதில்லை. ஓட்டைப் பிரித்து, பஞ்சை மாற்றி, பட்டையைப் புதிதாக ஒட்டி, கணினியை இணைத்து ஆயத்தமாக வைத்துக்கொண்ட பிறகே, அறுந்துவிடக் கூடாதே என்ற அச்சத்தோடு ஒரே ஒருமுறை ஓடவிடுகிறார்கள்.