களவுபோன கலையும் காத்து நின்ற கரங்களும்

போர் என்றதும் மாண்ட உயிர்களையும் இடிந்த நகரங்களையும் எண்ணி வருந்துகிறோம். தோற்ற மக்களின் கலைச் செல்வங்கள் எங்கே சென்றன என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. 2014ஆம் ஆண்டில் ஜார்ஜ் குளூனி இயக்கி நடித்த ‘தி மான்யுமென்ட்ஸ் மென்’ என்னும் திரைப்படம் அவ்வினாவை எழுப்பிற்று. இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் கவர்ந்து சென்ற ஓவியங்களையும் சிற்பங்களையும் ஒரு சிறு படைக்குழு தேடி மீட்பதே அதன் கதை.

கதையின் அடிப்படை உண்மையே. நேச நாடுகள் 1943இல் இதற்கெனத் தனிப்பிரிவு ஒன்றை அமைத்தன. அருங்காட்சியக அறிஞர், கட்டடக் கலைஞர், பேராசிரியர் என ஏறத்தாழ 350 பேர் அதில் பணியாற்றினர். பிரிட்டனின் ரொனால்டு பால்ஃபர், அமெரிக்காவின் வால்டர் ஹுக்தாசன் ஆகிய இருவரும் 1945இல் களத்திலேயே உயிர் நீத்தனர். அவர்தம் தியாகத்தைக் குறைத்துப் பேசுதல் நன்றி மறத்தலாகும்.

ஆயினும், எங்கே தேடுவது என்று அப்படையினருக்கு வழிகாட்டியவர் யார்? பாரிஸ் நகரின் ழே த போம் அருங்காட்சியகத்தில் பணிபுரிந்த ரோஸ் வாலண்ட் என்னும் பெண்மணியே அவர். படத்தில் அவர் வேறு பெயரில் வருகிறார். யூதக் குடும்பங்களிடமிருந்து பறித்த கலைப்பொருள்களை ஜெர்மானியர் 1940 முதல் அங்கேதான் குவித்தனர். தமக்கு ஜெர்மன் மொழி தெரியும் என்பதை அவர் மறைத்துக்கொண்டார். அதிகாரிகள் பேசியவற்றைக் கேட்டு மனத்தில் இருத்தி, எந்தப் பொருள் யாருடையது, எவ்வூருக்குச் செல்கிறது என்று நான்காண்டுகள் மறைவாகக் குறித்து வைத்தார். பிடிபட்டால் உயிர் தப்பாது. அக்குறிப்புகளே அமெரிக்க அதிகாரி ஜேம்ஸ் ரோரிமரைப் பவேரியாவின் நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு இட்டுச் சென்றன.

ஆஸ்திரியாவின் ஆல்ட்டவுஸே உப்புச் சுரங்கத்திலும் இத்தகைய நிகழ்ச்சியைக் காண்கிறோம். மைக்கலாஞ்சலோ செதுக்கிய மேரி சிற்பம், 1432இல் நிறைவுற்ற கெண்ட் நகரத் திருக்கோவில் ஓவியம் உள்ளிட்ட ஆயிரக்கணக்கான செல்வங்கள் அங்கே அடைந்து கிடந்தன. தோல்வி நெருங்கிய வேளையில் நாஜி ஆளுநர் ஐக்ரூபர் அனைத்தையும் தகர்க்கத் துணிந்தான். ‘பளிங்கு, எச்சரிக்கை’ என்று எழுதிய எட்டுப் பெட்டிகளில் 500 கிலோ குண்டுகள் உள்ளே சென்றன. சுரங்கத் தொழிலாளர் அவற்றை மே மாதத் தொடக்கத்தில் வெளியேற்றினர். பிறகு வாயில்களைத் தாமே வெடிவைத்து மூடி, உள்ளே எவரும் நுழையாவண்ணம் காத்தனர். சுரங்கம் அழிந்தால் தம் பிழைப்பும் அழியும் என்னும் கவலையும் அவர்களுக்கு இருந்தது. அமெரிக்கப் படை வந்து சேர்ந்தது அதன்பின் மே 8ஆம் நாளில்தான்.

திரைப்படம் சீருடை அணிந்தோரை நாயகராக்குவது இயல்பு. வரலாற்று ஆசிரியனோ, படை வருமுன் அப்பொருளைக் காத்தவர் யார் என்றும் கேட்டாக வேண்டும். பிறர் பொருளை அமானிதமாகக் கருதிக் கணக்கெழுதி வைத்த ஒரு பெண்ணும், இருளில் பெட்டி சுமந்த தொழிலாளரும் இல்லையேல் வெற்றி பெற்ற படைக்கு மீட்பதற்கு என்ன எஞ்சியிருக்கும்? அக்குறிப்புகள் இருந்தமையாலன்றோ, பறிகொடுத்த குடும்பங்கள் பல, “இது எங்களுடையது” என்று சொல்லித் தம் பொருளை மீளப் பெற முடிந்தது!