கண்ணில் கிடைத்த கூழ்

1934-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணுக்குள் இருக்கும் கூழிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் ஹையலூரோனிக் அமிலம். நம் உடம்பிலும் சுமார் 15 கிராம் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு தினமும் அழிந்து புதிதாக ஊறுகிறது.

பின்னாளில் எண்ட்ரே பலாஸ் அதைச் சேவல் கொண்டையிலிருந்து தூய்மையாக எடுக்க வழி கண்டார்; கண் அறுவைக்கு அது பயன்பட்டது. இன்று பெரும்பாலும் பாக்டீரியாவை வளர்த்து எடுக்கிறார்கள். வெறும் அமிலம் தோலுக்குள் சில நாளில் கரைந்துவிடும் என்பதால், இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து, முகத்தின் குழிகளை நிரப்பும் ஊசிக் கூழாக, அதாவது ஃபில்லராக ஆக்கினார்கள். 1996-இல் ஐரோப்பாவிலும் 2003-இல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. உதடு, கன்னம், கண்ணுக்குக் கீழுள்ள குழி என முகமெங்கும் பரவியது.

ஊசி முனை இரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் அந்தக் கூழே அடைப்பாகிவிடும். தோல் வெளுக்கும், வலிக்கும், வலைபோல் கருநீலம் படரும். நம் மாநிறத்தில் வெளுப்பு எளிதில் தெரியாது. விரலால் அழுத்தி எடுத்து, இரத்தம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். மூக்கிலோ புருவ நடுவிலோ போட்டது பின்னோக்கி ஓடிக் கண்ணின் தமனியை அடைத்தால் பார்வையே போகும். அது அபூர்வம், நேர்ந்தால் மீட்பது மிகக் கடினம்.

முறிமருந்து உண்டு: ஹையலூரோனிடேஸ். கண் மருத்துவர்களுக்கு அது பழைய தோழன். மரத்துப்போகும் ஊசிமருந்து நன்றாகப் பரவ அதைக் கலப்பார்கள். தோலில் அடைப்பு வந்த இடத்தில் நிறையச் செலுத்தி, நிறம் திரும்பும்வரை மீண்டும் மீண்டும் போட்டால் கூழ் கரையும். முந்தினால்தான் பலன். தேனீக் கொட்டு ஒவ்வாதவர்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும், தேனீ நஞ்சிலும் இந்த நொதி இருக்கிறது. சிலிக்கானையோ கால்சியம் ஃபில்லரையோ இது கரைக்காது. ஆகவே உள்ளே போனது என்ன என்று தெரிந்தாக வேண்டும்.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் என்றாலே தம்பானூர்தான். ரயில் நிலையமும் பஸ் ஸ்டாண்டும் எதிரெதிரே. ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டு அன்றே ஊர் திரும்புகிற பழக்கம் நமக்கு. ஃபில்லர் விஷயத்தில் எனக்கு அதுதான் கவலை. பல ஃபில்லர்களில் மரக்கச் செய்யும் லிடோகெய்ன் கலந்திருக்கிறது. ஆபத்தைச் சொல்லும் வலியை அது சிறிது நேரம் மூடிவிடும். நாகர்கோவில் ரயில் குழித்துறையைத் தாண்டும்போது வலி எழுந்தால், ஊசி போட்ட மருத்துவர் பின்னால், வேறொரு மாநிலத்தில் இருக்கிறார். உடனே போன் போட்டு, கண்ணாடியில் முகம் பார்த்து, படம் அனுப்ப வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடக் கூடாது. பார்வை மங்கினால் அருகிலுள்ள பெரிய கண் ஆஸ்பத்திரிக்கே ஓட வேண்டும்.

படுக்கையில் சாய்வதற்கு முன்பே இரண்டைக் கேளுங்கள்: ஹையலூரோனிடேஸ் இந்த அறையில் இருக்கிறதா, ஃபில்லர் பெட்டியின் பெயரும் தொகுதி எண்ணும் உள்ள ஸ்டிக்கரை என் சீட்டில் ஒட்டித் தருவீர்களா? மருந்து வெளியிலிருந்து வர வேண்டும் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.