ஜீவனாம்ச வசூல்

ஜீவனாம்சம் என்பது தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள இயலாத மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்கு ஒருவர் மாதந்தோறும் தரவேண்டும் என்று நீதிமன்றம் விதிக்கும் தொகை. உத்தரவு பெறுவது ஒரு வேலை. அந்தப் பணத்தை வாங்குவது வேறொரு வேலை. பிள்ளைகளுக்கான தொகையை வசூலிக்கும் இந்த இரண்டாவது வேலையை அமெரிக்க மாநிலங்கள் சில தனியார் நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் விட்டுள்ளன. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டம் போன்ற கிராமப்புறங்களில் அது இன்றும் பெரும்பாலும் தாயின் தலையிலேயே இருக்கிறது. அரசுக்குச் சேரவேண்டிய பணத்தை வசூலிக்கும் பொறுப்பு பலமுறை கைமாறிய பகுதி இது.

குத்தகையும் கலெக்டரும்

1763ல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்த செங்கல்பட்டு ஜாகீரில் உத்திரமேரூர்ப் பகுதியும் அடங்கும். கம்பெனி அதைத் தானே நிர்வகிக்கவில்லை. நவாபிடமே குத்தகைக்கு விட்டது. இந்த ஏற்பாடு 1780 வரை நீடித்தது. அவ்வாண்டு ஹைதர் அலியின் படையெடுப்பில் ஜாகீரின் ஊர்கள் பாழாயின. குத்தகை முறையில் ஒப்புக்கொண்ட தொகை வந்து சேர்ந்தால் போதும். குடிகளிடம் எவ்வளவு பிடுங்கப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. இதே உத்திரமேரூரின் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு (பொ.யு. 921), வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர்கள் என்கிறது. கம்பெனியின் அலுவலர்கள் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் (மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கதையில் வருபவர் இவரே) நேரடி நிர்வாகத்தை வலுப்படுத்தினார். 1802ல் ஜாகீர் மிட்டாக்களாகப் பிரித்து விற்கப்பட்டது. மிட்டாதாரர்கள் பலர் தவணை கட்ட முடியாமல் விழுந்தனர். வசூல் மீண்டும் கலெக்டரிடம் வந்தது. 1864ன் சென்னை வருவாய் வசூல் சட்டம், நிலவரி பாக்கிக்குச் சொத்தை ஜப்தி செய்து ஏலம் விடும் முறையை வகுத்தது. பெயர் மாற்றத்துடன் அது தமிழ்நாட்டில் இன்றும் நடைமுறையில் உள்ளது.

ஐம்பது ரூபாயிலிருந்து

அரசு தன் பாக்கிக்கு இத்தனை ஏற்பாடு செய்துகொண்ட அதே காலத்தில்தான் ஜீவனாம்சமும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்றது. 1861ன் சட்டத்திலேயே அது உண்டு. கைவிடப்பட்டவர்கள் தெருவுக்கு வந்துவிடக்கூடாது என்பதே நோக்கம். 1898ன் சட்டத்தில் 488ஆம் பிரிவு மாதம் 50 ரூபாய்க்கு மேல் விதிக்க அனுமதிக்கவில்லை. 1923ல் அது 100 ஆனது, 1955ல் 500. 1973ன் புதிய சட்டம் 125ஆம் பிரிவில் அதே 500ஐ வைத்துக்கொண்டது. 2001ல்தான் உச்சவரம்பு நீக்கப்பட்டது. அரிசி விலை ஏறிக்கொண்டே போன நாற்பத்தாறு ஆண்டுகள் ஒரே தொகை நின்றதை மறதி என்று சொல்லிவிட முடியாது. 2024 ஜூலை 1 முதல் இது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு.

வாரண்டின் பயணம்

உத்திரமேரூர் வட்டத்துப் பெண் ஒருவர் தான் வசிக்கும் இடத்திற்குரிய நீதிமன்றத்திலேயே மனு போடலாம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. உத்தரவுக்குப் பின்னும் பணம் வராவிட்டால் மறுபடி மனு போடவேண்டும். அதையும் தொகை நிலுவையான ஓராண்டுக்குள் செய்யவேண்டும். அதன்பேரில் நடுவர், அபராதம் வசூலிக்கும் முறையில் வாரண்ட் பிறப்பிப்பார். 1973ன் சட்டப்படி அபராதத்தை நிலவரி பாக்கிபோல வசூலிக்கக் கலெக்டருக்கே வாரண்ட் அனுப்பலாம். ஜாகீர் காலத்திலிருந்து வளர்ந்த வசூல் இயந்திரம் இப்படிப் பிள்ளையின் சோற்றுக்கும் பயன்படக்கூடும்.

ஆனால் அந்த இயந்திரம் தானாக ஓடுவதில்லை. அவருக்கு என்ன சொத்து இருக்கிறது, இப்போது எங்கே வேலை செய்கிறார் என்பதை மனுதாரர்தான் கண்டுபிடித்துச் சொல்லவேண்டியிருக்கிறது. ஆள் வேறு ஊருக்குப் போய்விட்டால் வாரண்ட் அந்த ஊர்க் காவல் நிலையத்துக்குப் போகும். அதன் பின்னும் கட்டாதவருக்கு, ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கலாம். சிறை சென்றதால் கடன் தீர்ந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1989ல் தெளிவாக்கியது. 2020 நவம்பரில், இரு தரப்பும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தரவேண்டும் என்றும், உத்தரவை உரிமையியல் பணத் தீர்ப்பாணைபோல நிறைவேற்றலாம் என்றும் அது சொன்னது.

ஒப்பந்ததாரர்கள்

அமெரிக்காவில் 1975ல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்ந்த ஒரு பகுதி, தந்தையைத் தேடிப் பிடித்து வசூலிப்பதை மாநில அரசுகளின் கடமையாக்கியது. உதவித்தொகை பெறும் குடும்பங்களுக்கு வசூலான பணத்தில் பெரும்பங்கை அரசே தன் செலவுக்கு ஈடாக எடுத்துக்கொண்டது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். 1990களில் இவ்வேலை தனியாருக்குப் போனது. மேரிலாந்து மாநிலம் 1996ல் பால்டிமோர் நகரின் வசூலை லாக்ஹீட் மார்ட்டின் குழும நிறுவனத்துக்கு விட்டது; பின்னர் மேக்சிமஸ் அதை ஏற்றது. வசூலில் ஒரு விழுக்காடு கூலி என்பது இத்தகைய ஒப்பந்தங்களில் ஒரு வகை. அந்தக் கூலி முறையில் எளிதில் வசூலாகும் வழக்குகளின் பக்கமே நிறுவனம் சாய இடமுண்டு.

அங்கே வசூலின் பெரும்பகுதி, வேலை கொடுப்பவர் சம்பளத்திலேயே பிடித்து அனுப்புவதால் வருகிறது. கொத்தனார், நெல் அறுவடைக்கும் செங்கல் சூளைக்கும் போகும் கூலியாள், வண்டி ஓட்டுபவர் ஆகியோருக்குச் சம்பளச் சீட்டே கிடையாது. எனவே அந்த ஏற்பாட்டை அப்படியே இங்கு கொண்டுவந்தாலும் தொழிற்சாலைகளின் நிரந்தரப் பணியாளர் பிள்ளைகளுக்கே முதலில் பலன் தரும்.

இந்தியாவில் தனியார் வசூலும் இல்லை, பிள்ளைகளுக்கென அரசு வசூல் அமைப்பும் இல்லை. முதியோருக்கு ஓரளவு வேறு வழி உண்டு. 2007ன் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி அவர்களுடைய மனு வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்குச் செல்கிறது. மகன் பராமரிக்காத தாய் அவரிடம் போகலாம்; தந்தை பராமரிக்காத குழந்தைக்காக அதே தாய் நீதிமன்றப் படியேறவேண்டும்.