மலாயாக் காசுகள்: உருவமும் எழுத்தும்

மலாயாத் தீபகற்பத்தில் 15ஆம் நூற்றாண்டு முதல் இன்றுவரை புழங்கிவரும் காசுகளின் உருவங்களையும் எழுத்துகளையும் இனங்கண்டு, அவை யாருடைய ஆட்சியில், எந்த ஆண்டில், எந்த அச்சுச்சாலையில் வெளிவந்தன என்று தெளிவது நாணயவியலின் ஒரு கிளை. ரோமானியக் காசைப் படிக்கப் பெரும்பாலும் லத்தீன் போதும். மலாயாக் காசைக் கையில் எடுப்பவருக்கு அரபு, அரபெழுத்தில் மலாயை எழுதும் ஜாவி, லத்தீன், சீனம், ஆங்கிலம் என்று பல எழுத்துகள் குறுக்கே வரும். காரணம், இங்கே புழங்கிய காசில் பெரும்பகுதி கப்பலில் வந்து இறங்கியது. அதைக் கைமாற்றிய மலாய்க்காரர், சீனர், தமிழர் பலருக்கு அதன் எழுத்து புரியவில்லை, படம் புரிந்தது. படத்தை வைத்தே பெயர் சூட்டினார்கள். எழுத்து ஆள்பவரின் கூற்று. பெயர் புழங்கியவரின் கூற்று. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் வரலாறு முழுதாகப் பிடிபடுகிறது.

கடல்வழியின் முன்கதை

ரோமானிய உருவங்கள் இந்தக் கடற்பரப்புக்கு வந்து சேர்ந்ததற்குச் சான்று உண்டு. வியட்நாமின் மேக்கோங் கழிமுகத்தில் உள்ள ஓக் ஏவோவில் 1944இல் லூயி மால்ரே நடத்திய அகழாய்வில், பேரரசர் அன்டோனினஸ் பயஸின் உருவம் பொறித்த பொற்பதக்கம் கிடைத்தது; அதன் காலம் கி.பி. 152. தென் தாய்லாந்தின் குளோங் தோமில் தமிழ்ப் பிராமியில் ‘பெரும்பதன் கல்’ என்று வெட்டிய உரைகல் ஒன்று இருக்கிறது. பொன்னில் யார் முகம் இருந்தாலும் அதை உரசி மாற்றுப் பார்த்தே வாங்கிய தமிழ்ப் பொற்கொல்லர் ஒருவரின் கருவி அது.

தமிழகத்தில் அந்த எச்சரிக்கை இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் உளியால் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. இனி இது காசாகச் செல்லாது, பொன்னாகத்தான் எடை போடப்படும் என்பதற்கான அடையாளம் அது என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். அதே காலத்தை ஒட்டிச் சேரர் வெளியிட்ட வெள்ளிக் காசில் ரோமானியச் சாயலில் ஒரு தலை இருக்கிறது. சுற்றி லத்தீனுக்குப் பதிலாகத் தமிழ்ப் பிராமியில் ‘மாக்கோதை’ என்று எழுதியிருக்கிறது. கரூரில் கிடைத்த இக்காசுகளை இரா. கிருஷ்ணமூர்த்தி படித்து வெளியிட்டார். அயல்நாட்டுக் காசின் வடிவை எடுத்துக்கொண்டு தன் பெயரைப் பொறித்துக்கொள்ளும் இந்த வழக்கம் மலாயாவிலும் பின்னால் நடந்தது.

ஈயமும் பொன்னும்

பேராக், சிலாங்கூர் மாநிலங்களின் பழைய பணம் வட்டமாகவே இல்லை. முதலை, ஆமை, சேவல், மீன், யானை வடிவில் வார்த்த ஈயத் துண்டுகள் அவை. எழுத்து கிடையாது. அவை முழுக்கப் பணமாகவே புழங்கினவா, சடங்குக்கும் பயன்பட்டனவா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. கிள்ளான் ஆற்றுப் பள்ளத்தாக்கின் செல்வமே ஈயம்தான். அதைத் தோண்டப் போய்த்தான் 1857இல் கோலாலம்பூர் பிறந்தது. பணத்துக்கும் பண்டத்துக்கும் இடையே அங்கே கோடு மங்கலாக இருந்ததில் வியப்பில்லை.

எழுத்துள்ள காசு மலாக்கா சுல்தானகத்தில் தொடங்குகிறது. 1900இல் மலாக்கா ஆற்று முகத்துவாரத்தில் கிடைத்த ஈயக் காசுகளைச் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தின் ரிச்சர்ட் ஹனிட்ச் 1903இல் விவரித்து வெளியிட்டார். ஒரு பக்கம் ‘முஸாஃபர் ஷா அல்-சுல்தான்’, மறுபக்கம் ‘நாசிர் அல்-துன்யா வ அல்-தீன்’, அதாவது உலகுக்கும் மார்க்கத்துக்கும் துணைவன். முகம் இல்லை. ரோமானியப் பேரரசர் மூக்கையும் மலர்மாலையையும் காட்டிச் சொன்னதைச் சுல்தான் பெயராலும் பட்டத்தாலும் சொன்னார். ஜொகூரின் எண்கோணப் பொற்காசுகளும் இதே மரபுதான்.

முகம் இல்லாத, ஆனால் உருவம் உள்ள ஒரு விதிவிலக்கு கிளந்தான், பட்டாணிப் பகுதிகளின் ‘கிஜாங்’ பொற்காசு. மறுபுறத்தில் ‘மாலிக் அல்-ஆதில்’, நீதியுள்ள அரசன் என்று அரபெழுத்து. முன்புறத்தில் நான்கு கோடுகளில் முடித்துவிட்ட ஒரு விலங்கு. கிளந்தான் மக்கள் அதை ராணி சே சித்தி வான் கெம்பாங் ஆசையாக வளர்த்த கேளையாடு என்கிறார்கள். மலாய் மொழியில் கிஜாங் என்பது அந்த மான்தான். நாணய அறிஞர் சிலர் அதைத் திமிலுள்ள காளை என்று படித்து, இந்தியச் சமயத் தாக்கம் இருந்த காலத்தின் எச்சமாகக் காண்கிறார்கள். காசு விரல்நுனி அளவே இருப்பதால் கொம்பா, திமிலா என்று உருப்பெருக்கியிலும் சட்டென்று சொல்ல முடியாது. என் பார்வையில் இரண்டு வாசிப்பும் ஒன்றையொன்று அழிக்க வேண்டியதில்லை. காளையை மறந்த தலைமுறை தன் காட்டில் கண்ட மானை அதில் கண்டிருக்கலாம். மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சின்னத்தில் இன்று நிற்பது இந்தக் கிஜாங்தான். அதன் அருங்காட்சியகம் கோலாலம்பூரில் இருக்கும் கட்டடத்தின் பெயரும் சாசானா கிஜாங்.

பீரங்கி, பறவை, தடி

1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர் சிலுவையும் வானக்கோள வளையமும் பொறித்த ஈயக் காசுகளை வெளியிட்டனர். வளையம் மன்னர் மனுவேலின் சின்னம். 1641இல் வந்த டச்சுக்காரரின் செப்புத் துட்டில் பெரிய ‘வி’யின் இரு கால்களில் ‘ஓ’வும் ‘சி’யும் கோத்திருக்கும். நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் புழங்கிய அதே முத்திரை.

ஆனால் இந்தக் கடலை ஆண்ட காசு ஸ்பானிய வெள்ளி டாலர். மெக்சிகோவில் அச்சான அதில் ஹெர்குலிஸின் இரண்டு தூண்கள் நிற்கும். அவற்றைச் சுற்றிய துணிச்சுருளில் ‘பிளஸ் அல்ட்ரா’, இதற்கு அப்பாலும் என்று லத்தீன். ஜிப்ரால்டருக்கு அப்பால் அமெரிக்கா வரை தன் கொடி பறக்கிறது என்று ஸ்பானிய மன்னர் பெருமை பேசினார். மலாய்க்காரர் பார்த்தார்: இரண்டு பீரங்கிகள். பெயர் ‘ரிங்கிட் மெரியாம்’, பீரங்கி ரிங்கிட். பாம்பைக் கவ்விய கழுகு பொறித்த மெக்சிகோ டாலர் ‘ரிங்கிட் புரோங்’, பறவை ரிங்கிட். 1895 முதல் பிரிட்டன் கிழக்கு வணிகத்துக்கென்றே அச்சடித்த டாலரில் பிரிட்டானியா தேவி கடற்கரையில் முத்தலைச் சூலத்தோடு நிற்கிறாள். அது ‘ரிங்கிட் தொங்காட்’, தடி ரிங்கிட். மலேசிய நாணயத்தின் இன்றைய பெயரே ஸ்பானிய டாலரின் பல்வெட்டு விளிம்பைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததுதான்.

பிரிட்டானியா டாலரைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பின்னால் பாய் விரித்த ஒரு கப்பல். மறுபுறம் திருப்பினால் நடுவில் நீண்ட ஆயுளைக் குறிக்கும் சீன எழுத்து. அதை ஒட்டி ‘ஒரு டாலர்’ என்பது சீனத்திலும் ஜாவியிலும். சூலத்தின் நடுமுனையில் ஒரு புள்ளி போலத் தெரிவதை உருப்பெருக்கியில் பார்த்தால் ‘பி’ என்ற எழுத்து: பம்பாய் அச்சுச்சாலை. கல்கத்தாவில் அடித்ததில் தேவியின் காலடியில் ‘சி’. இந்தியாவில் அடித்த வெள்ளி, இங்கிலாந்துத் தேவி, சீன வாழ்த்து, மலாய் மதிப்பு. எழுத்துகளுக்கு இடையே ஆங்காங்கே சிறு குத்துகள் தெரிந்தால், அவை சீன வணிகர்கள் வெள்ளியைச் சோதித்துப் போட்ட முத்திரைகள். குளோங் தோம் உரைகல்லின் வேலையை அவை செய்தன.

இந்த வரிசையில் சேவல் துட்டை விட முடியாது. 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் சிங்கப்பூரின் ஐரோப்பிய வணிகர்கள் சில்லறைத் தட்டுப்பாட்டைப் பயன்படுத்தி இங்கிலாந்தில் அடித்து இறக்கிய செப்பு வில்லைகள் இவை. எந்த அரசின் ஆணையும் கிடையாது. ஒரு பக்கம் சேவல், ‘தானா மெலாயு’ என்று ஜாவி. மறுபக்கம் ‘சத்து கெப்பிங்’, ஹிஜ்ரி 1247. ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் கி.பி. ஆண்டு ஏறத்தாழக் கிடைக்கும், இங்கே 1831. ஆனால் அந்த ஆண்டை அப்படியே நம்பக் கூடாது. ஒரே ஆண்டைத் தாங்கிய அச்சுகள் பின்னாலும் ஓடின.

தலையும் பட்டமும்

கிழக்கிந்தியக் கம்பெனி 1780களின் இறுதியில் பினாங்குக்கு வெளியிட்ட காசில் சரக்கு மூட்டைகளில் இடும் தன் குறியை ஒரு பக்கமும் ஜாவியில் தீவின் பெயரை மறுபக்கமும் வைத்தது. 1845 என்று பொறித்த சென்ட்டிலோ விக்டோரியாவின் தலையும் கம்பெனியின் பெயரும் உண்டு. நாட்டின் பெயர் இல்லை. 1862இல் ‘இந்தியா ஸ்ட்ரெய்ட்ஸ்’ என்று வந்தது, அப்போது பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களை ஆண்டது கல்கத்தா என்பதால். 1867இல் அவை லண்டனின் நேரடி ஆட்சிக்குப் போனபின் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்’ மட்டும் நின்றது.

1903இல் வந்த ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர் ஏழாம் எட்வர்டின் தலையோடு, பழைய வணிக டாலரின் எடையிலேயே பம்பாயில் அடிக்கப்பட்டது. வெள்ளி விலை ஏறியதால் 1907இல் அளவு சிறுத்தது. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவரும், பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்புகளிலிருந்து ரயில்வே வேலைக்குப் போனவரும் சம்பளம் எண்ணியது இந்தப் பணத்தில்தான். மலேசியத் தமிழர் ரிங்கிட்டை இன்றும் ‘வெள்ளி’ என்றே சொல்கிறார்கள். அந்த ஸ்ட்ரெய்ட்ஸ் டாலரில் சீனமும் ஜாவியும் இடம்பெற்றன, தமிழ் இல்லை. கூலியாக வந்தவரின் எழுத்துக்கு இடம் தரத் தேவையில்லை என்று நினைத்த ஆட்சியின் மௌனத்தையும் ஒரு பொறிப்பாகவே படிக்க வேண்டும்.

பட்டங்களை வைத்துக் காலம் கணிப்பது ரோமானியக் காசில் பழகிய வழி. தமிழகத்தில் அதிகம் கிடைக்கும் அகஸ்டஸ் காசில் ‘நாட்டின் தந்தை’ என்ற பட்டம் இருந்தால் அது கி.மு. 2க்கு முந்தியது ஆகாது. அந்தப் பட்டம் அவருக்குக் கிடைத்ததே அந்த ஆண்டில்தான். அதே கணக்கு மலாயாவின் ஆறாம் ஜார்ஜ் காசுக்கும் பொருந்தும். 1939 முதல் 1945 வரையிலான காசில் அவர் ‘மன்னர், இந்தியப் பேரரசர்’. 1948 முதல் 1950 வரையிலானதில் வெறும் ‘ஆறாம் ஜார்ஜ் மன்னர்’. இடையில் 1947 நடந்திருக்கிறது. இந்திய விடுதலை கோலாலம்பூர்க் கடைத்தெருவின் பத்துக் காசில் ஒரு பட்டத்தை அழித்தது என்பதை எந்தப் பள்ளிப் பாடத்திலும் சேர்க்கலாம்.

இடைப்பட்ட ஜப்பானியர் ஆட்சி புழக்கத்தில் விட்டது காகித நோட்டு. பத்து டாலர் நோட்டில் வாழைமரம் இருந்ததால் மொத்தப் பணத்துக்கும் ‘டுய்ட் பீசாங்’, வாழைப்பழக் காசு என்று பெயர் ஒட்டிக்கொண்டது. பெயர் சூட்டும் பழைய பழக்கம் போர்க்காலத்திலும் விடவில்லை.

தலை போனபின்

1957இல் நாடு விடுதலை பெற்ற பிறகும் இரண்டாம் எலிசபெத்தின் தலை காசில் நீடித்தது. 1962இன் ஒரு சென்ட்டில் அது போய், குறுக்காக வைத்த இரண்டு கிரிஸ் கத்திகள் வந்தன. 1967 ஜூன் 12இல் பேங்க் நெகாரா வெளியிட்ட மலேசியாவின் முதல் தொடரில், ஜெஃப்ரி காலி வரைந்த கோலாலம்பூர் நாடாளுமன்றக் கட்டடமும் பிறையும் நட்சத்திரமும் இடம்பிடித்தன. எந்த முகமும் இல்லை. மலாயை லத்தீனில் எழுதும் ரூமி எழுத்து மட்டும் நின்றது. 1971இல் ஷா ஆலாமில் அச்சுச்சாலை வந்தபின் காசு கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே பிறக்கத் தொடங்கியது.

1989இன் இரண்டாம் தொடர்தான் பொதுமக்கள் அதிகம் நேசித்தது. செம்பருத்தி ஒரு பக்கம். மறுபக்கம் ஒரு காசில் ரெபானா மேளம், ஐந்தில் பம்பரம், பத்தில் சொங்காக் பலகை, இருபதில் வெற்றிலைத் தட்டம், ஐம்பதில் வாவ் பட்டம், ஒரு வெள்ளியில் கிரிஸ். சொங்காக் நம் பல்லாங்குழியின் உடன்பிறப்பு. வெற்றிலைத் தட்டம் இல்லாத தமிழ்த் திருமணமும் இல்லை. தமிழெழுத்து ஏறாத காசில் தமிழர் வீட்டுப் பொருள் ஏறியது இப்படித்தான். 2005 டிசம்பரில் ஒரு வெள்ளிக் காசு செல்லாததாயிற்று. 2012இல் வந்த மூன்றாம் தொடர் இந்தப் பொருள்களை நீக்கிவிட்டு அலங்காரக் கோலங்களுக்குத் திரும்பியது. அது இழப்பு என்றே கருதுகிறேன்.

வீட்டில் இருக்கும் காசைப் பார்ப்பது

கிள்ளான் தெங்கு கெலானா சாலை நகைக்கடைகளில் இன்றும் தமிழர் பேச்சில் வரும் பவுன், 7.988 கிராம் எடையுள்ள பிரிட்டிஷ் சவரன். 1817இல் பிஸ்ட்ரூச்சி வடித்த, குதிரைமேல் பறவைநாகத்தைக் கொல்லும் புனித ஜார்ஜ் அதன் உருவம். பாட்டியின் காசுமாலையில் அவரைக் காணலாம். வெள்ளி டாலர் என்றால் முதலில் எடை: 1895 வணிக டாலரும் 1903 ஸ்ட்ரெய்ட்ஸ் டாலரும் 26.95 கிராம். போலியில் பெரும்பாலானவை இந்த ஒரு சோதனையிலேயே விழும். அடுத்து விளிம்பின் பல்வெட்டு சீராக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். வளையம் பற்றவைத்துக் கழற்றிய இடத்தில் பல் மழுங்கியிருக்கும். பிறகுதான் ஆண்டும் எழுத்தும். பூஜைப் பாத்திரத்தைத் துலக்குவது போலப் புளி போட்டுத் தேய்க்கவே கூடாது. சூலமுனையில் உள்ள அந்த ‘பி’ போன்ற நுண்ணிய குறிகள் முதலில் தேய்ந்துபோகும்.