வலியே இல்லாமல் பார்வையை பறிக்கும் கண் நீர் அழுத்த நோய்

கீழ்க்கட்டளை,

"கண்ணுல வலி இல்லை, சிவப்பும் இல்லை. எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று பலரும் சும்மா இருந்து விடுகிறார்கள். ஆனால் கிளாக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோய் பெரும்பாலும் வலி காட்டாமல்தான் பார்வையை பறிக்கிறது.

நரம்பு கெடுவது எப்படி?

கண்ணுக்குள் ஒரு நீர் சுரந்து, வடிந்து கொண்டே இருக்கும். அது சரியாக வடியாவிட்டால் அழுத்தம் கூடி, மூளைக்கு செல்லும் பார்வை நரம்பு கெடும். இதில் சுமார் 10 லட்சம் இழைகள் உள்ளன. முதலில் பக்கவாட்டு பார்வை போகும். நேர் பார்வை நன்றாக இருப்பதால் ஆளுக்கு தெரியாது.

கண்புரைக்கு ஆபரேஷன் செய்தால் பார்வை திரும்பும். இதில் போன பார்வை திரும்பாது. மிச்சத்தை காப்பாற்றலாம்.

யாருக்கு வரும்?

40 வயதை தாண்டியவர்கள், பெற்றோர், உடன்பிறந்தோருக்கு இந்த நோய் உள்ளவர்கள் உஷாராக இருக்க வேண்டும். டாக்டர் சீட்டு இல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி நாள் கணக்கில் போட்டாலும் வரும்.

சிலருக்கு அழுத்தம் சரியாக இருந்தும் நரம்பு கெடும். அதனால் நரம்பையும் சோதிக்க வேண்டும்.

சிகிச்சை என்ன?

சொட்டு மருந்து, லேசர், ஆபரேஷன் உண்டு. "நல்லாத்தானே இருக்கு" என்று மருந்தை நிறுத்தக்கூடாது.

திடீரென்று கடும் கண்வலி, வாந்தி, விளக்கை சுற்றி வானவில் போல் வளையம் தெரிந்தால் அன்றைக்கே ஓட வேண்டும்.

கீழ்க்கட்டளை மக்கள் குரோம்பேட்டையில் மின்சார ரெயில் ஏறி எழும்பூரில் இறங்கினால், 1819-ல் தொடங்கிய அரசு கண் ஆஸ்பத்திரிக்கு போகலாம்.