ஆலன் பேஜ்

ஆலன் பேஜ் (பிறப்பு: ஆகஸ்ட் 7, 1945) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த முன்னாள் அமெரிக்கக் காற்பந்தாட்ட வீரரும் ஓய்வுபெற்ற நீதிபதியும் ஆவார். தேசியக் காற்பந்தாட்டச் சங்கத்தில் (என்.எஃப்.எல்.) 15 பருவங்கள் ஆடிய இவர், பின்னர் மினசோட்டா மாநில உச்ச நீதிமன்றத்தின் முதல் ஆப்பிரிக்க அமெரிக்க நீதிபதியானார்.

இளமை

ஒஹாயோ மாநிலத்தின் கான்டன் நகரில் பிறந்தார். அங்கு தொழில்முறைக் காற்பந்தாட்டப் புகழ் மண்டபம் கட்டப்பட்டபோது, மாணவராக இருந்த பேஜ் அக்கட்டுமானப் பணியில் வேலை செய்தார். 1967 இல் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் பட்டம் பெற்றார். இவர் ஆடிய அப்பல்கலைக்கழக அணி 1966 இல் தேசிய வாகை சூடியது.

விளையாட்டு வாழ்க்கை

1967 இல் மினசோட்டா வைக்கிங்ஸ் அணியில் சேர்ந்தார். தடுப்பாட்ட வரிசையின் நடுவில் நின்று, எதிரணியின் அரணைப் பிளந்து பந்தை வைத்திருப்பவரை வீழ்த்துவது இவரது பணி. உடல் எடையை விட வேகத்தையே இவர் பெரிதும் நம்பினார். 1971 இல் மிகப் பெறுமதியான வீரர் விருதைப் பெற்றார். தடுப்பாட்ட வீரர் ஒருவர் இவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. இவர் காலத்தில் வைக்கிங்ஸ் அணி நான்கு முறை சூப்பர் போல் இறுதி ஆட்டத்தை எட்டியபோதும் நான்கிலும் தோற்றது.

நெடுந்தூர ஓட்டப் பயிற்சியால் இவரது எடை குறைந்தது. 1978 பருவத்தின் நடுவில் வைக்கிங்ஸ் அணி இவரை விடுவித்தது. உடனே சிகாகோ பெயர்ஸ் அணியில் இணைந்து 1981 வரை ஆடினார். தொடர்ச்சியாக 218 ஆட்டங்களில் பங்கேற்றுள்ளார்.

நீதித்துறை

வைக்கிங்ஸ் அணியில் ஆடிக்கொண்டே சட்டம் பயின்று, 1978 இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பின்னர் மாநிலத் தலைமை வழக்குரைஞர் அலுவலகத்தில் பணியாற்றினார். 1992 இல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரின் பதவிக்காலத்தை ஆளுநர் நீட்டித்ததால், அவ்விடத்துக்கான தேர்தல் தள்ளிப்போக இருந்தது. பேஜ் வழக்குத் தொடுத்து வென்றார். அதன்பின் நடந்த தேர்தலிலும் வெற்றி பெற்றார். 1993 முதல், கட்டாய ஓய்வு வயதான 70 ஐ எட்டிய 2015 வரை பதவியில் இருந்தார்.

கல்விப் பணி

1988 இல், தாம் கட்டுமான வேலை செய்த அதே புகழ் மண்டபத்தில் பேஜின் பெயர் சேர்க்கப்பட்டது. தம்மை அறிமுகப்படுத்த விளையாட்டுத் துறையினர் எவரையும் அழைக்காமல், மினியாப்பொலிஸ் நகரப் பள்ளி முதல்வர் ஒருவரை அழைத்தார். தமது ஏற்புரையிலும் கல்வியைப் பற்றியே வலியுறுத்தினார். அதே ஆண்டில், மனைவி டயானுடன் சேர்ந்து பேஜ் கல்வி அறக்கட்டளையைத் தொடங்கினார். இங்கு உதவித்தொகை பெறும் கல்லூரி மாணவர்கள், தம்மிலும் இளைய பள்ளி மாணவர்களுக்குப் படிப்பில் துணை நிற்க வேண்டும் என்பது விதி.

2017 இல் மினியாப்பொலிஸ் நகரின் நடுநிலைப் பள்ளி ஒன்றுக்கு இவரது பெயர் சூட்டப்பட்டது. 2018 இல் குடியரசுத் தலைவரின் விடுதலைப் பதக்கம் பெற்றார். தரமான அரசுப் பள்ளிக் கல்வியைக் குழந்தைகளின் அடிப்படை உரிமையாக்கும் வகையில் மினசோட்டா அரசமைப்பைத் திருத்த வேண்டும் என்ற முன்மொழிவை, 2020 இல் நீல் காஷ்காரியுடன் இணைந்து வெளியிட்டார்.